மூன்று அங்குலச் சுவரும் 24 கிலோ டிவியும்

செம்பூர், மும்பை
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. ஹால் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அதை அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் காய்ந்து, இன்றுதான் நிம்மதியாக உட்கார இடம் கிடைத்திருக்கிறது.

மாடியில் புதிதாக எழுப்பும் அறையில் டிவியைச் சுவரில் மாட்டலாமா, மேசையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். உன் சுவருக்கு அப்புறம் வருகிறேன், முதலில் என் கதையைக் கேள்.

எங்கள் ஹாலை நீ பார்த்திருக்கிறாய். 2011-இல் மகள் பத்தாவது போனபோது அவளுக்குப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஹாலை இரண்டாக வெட்டினோம். மும்பையில் ஓர் அறை வீடு ஒன்றரை அறை வீடாவது இப்படித்தான். குறுக்கே செங்கல் வைத்துக் கட்டினால் தளத்துக்குப் பாரம், குடியிருப்புச் சொசைட்டியும் விடாது. ஜிப்சம் பலகைத் தடுப்புதான் போட்டோம். நடுவில் இரண்டு அங்குல ஜிஐ தகரச் சட்டம், இரண்டு பக்கமும் அரை அங்குலப் பலகை. மொத்தத் தடிமன் மூன்று அங்குலம். பெயிண்ட் அடித்துவிட்டால் பார்க்கிறவனுக்கு அது சுவர்தான். தட்டிப் பார்த்தால்தான் டமாரம்.

மகள் இப்போது நியூ ஜெர்சியில். போன தீபாவளிக்கு அங்கிருந்தபடியே ஆர்டர் போட்டு, 65 அங்குல டிவி ஒன்றை வாசலில் கொண்டுவந்து இறக்க வைத்துவிட்டாள். எங்கள் ஹாலுக்கு அது கோயில் தேரைத் திண்ணையில் நிறுத்தியது போல. எடை 24 கிலோ. உன் அக்காவுக்கு அதுவும் போதவில்லை. சமையலறையிலிருந்தும் தெரிய வேண்டுமாம். அதனால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த பிராக்கெட் ஒன்றும் வந்து சேர்ந்தது. உண்மையில் வினை டிவியில் இல்லை, அந்தக் கையில்தான் இருந்தது.

பொருத்த வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சுறுசுறுப்பான பையன். சுவரைத் தட்டக்கூட இல்லை, நேராக டிரில்லை வைத்தான். செங்கல் சுவரென்றால் சிவப்புத் தூள் கொட்டும், கான்கிரீட் என்றால் டிரில் கத்தும். இங்கே வெண்ணெயில் ஊசி போல ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது, கொட்டியது வெள்ளை மாவு. "தம்பி, இது ஜிப்சம்" என்றேன். "ஹோ ஜாயேகா அங்கிள்", ஆகிவிடும் என்று சொல்லி நாலு துளையிலும் கிட்டி செருகி, திருகாணி முடுக்கிவிட்டான். பிளாஸ்டிக் பிளக்கை இங்கே கிட்டி என்றுதான் சொல்வார்கள். டிவியைத் தூக்கப் போனவனை நிறுத்தி, பிராக்கெட்டின் கையை முழுசாக வெளியே இழுத்து, நுனியில் என் இரண்டு கையையும் வைத்து லேசாக அழுத்தினேன். மேல் திருகாணி இரண்டும் கிட்டியோடு, உள்ளங்கை அளவு பலகையையும் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. பையன் முகம் செத்துவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு என்று அனுப்பினால் எவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான்? ஆனால் அவனை அனுப்பிய இடத்தில் கேட்டபோது "சுவர் உங்கள் பொறுப்பு" என்றார்கள். எரிச்சல் எனக்கு அதில்தான்.

மதுரை பாலிடெக்னிக்கில் நீயும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்து திருப்புத்திறன் படித்தோமே, எடை தள்ளி நிற்க நிற்கத் திருப்புகிற வலு கூடும் என்று, நினைவிருக்கிறதா? அன்று ராத்திரி பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். டிவி சுவரை ஒட்டி இருந்தால் அதன் எடை சுவரிலிருந்து ஏறக்குறைய 8 செ.மீ. தள்ளி நிற்கும். பிராக்கெட்டின் மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடைவெளி 20 செ.மீ. ஆக மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 24 × 8 ÷ 20, பத்து கிலோகூட இல்லை. அதே டிவியைக் கை நீட்டி 50 செ.மீ. வெளியே இழுத்தால் 24 × 50 ÷ 20. அறுபது கிலோ! கையின் சொந்த எடையை இதில் சேர்க்கவே இல்லை. எடை கீழ்நோக்கித்தானே இழுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மேல் திருகாணிக்குத் தெரிவதென்னவோ, ஆள் ஒருவர் பிடித்து முன்னால் இழுப்பதுதான். அதுவும் உன் அக்கா ஒரு நாளைக்குப் பத்து முறை இழுத்துத் தள்ளுவாள். ஜிப்சம் ஒரே தடவையில் உடையாமல் இருக்கலாம், ஆனால் ஆட்ட ஆட்டத் துளையைச் சுற்றிப் பொடிந்துகொண்டே வரும்.

மறுநாள் வீடியோ அழைப்பில் மாப்பிள்ளை வந்தார் (நீயில்லை, நிஜ மாப்பிள்ளை). "ஸ்டட் எங்கே இருக்கிறது பாருங்கள் மாமா, அதில் அடித்தால் போதும்" என்றார். அவர் ஊர் வீட்டில் சுவருக்குள் பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். நல்ல தடிமனான மரம், திருகாணி கடித்துக்கொள்ளும். என் சுவருக்குள் நிற்பது அரை மில்லிமீட்டர் தகரம், அதுவும் இரண்டடிக்கு ஒன்று. காந்தத்தைச் சுவரில் தடவிப் பார்த்தேன். பலகையைப் பிடித்திருக்கும் திருகாணித் தலைகளில் அது ஒட்டுகிறது, சட்டம் எங்கே போகிறது என்று நேர்கோடாகத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன பயன்? அந்தத் தகரத்தில் திருகாணி முடுக்கினால் புகைப்படம் தாங்கும், அலமாரி தாங்காது. போதாக்குறைக்கு பிராக்கெட்டின் துளைகள் பதினாறு அங்குல இடைவெளிக்கு வெட்டப்பட்டவை. அமெரிக்கச் சுவருக்குப் பிறந்த பொருளைச் செம்பூர்ச் சுவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர், பலகைக்குப் பின்னால் போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட் போடச் சொன்னார். நல்ல சாமான்தான், ஆனால் இறக்கை எவ்வளவு விரிந்தாலும் அது பிடித்துக்கொள்வது அதே அரை அங்குல ஜிப்சத்தைத்தானே? ஒட்டி மாட்டுகிற சின்ன டிவிக்கு அது சரி. சொசைட்டி செயலாளர் தடுப்பையே இடித்துவிடச் சொன்னார். "மகள்தான் போய்விட்டாளே, ஹால் பெரிதாகுமே" என்றார். நியாயம்தான். உன் அக்கா அதற்குப் பதிலே சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

சரி, சுவருக்குள் ஸ்டட் இல்லையென்றால் நாமே நட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை ஹார்பர் லைன் பிடித்து மஸ்ஜித்தில் இறங்கி நாக்தேவி தெருவுக்குப் போனேன். ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு அந்தத் தெரு பிடிக்கும். கடைக்குக் கடை நட்டும் போல்ட்டும் தானியம் போலக் குவிந்து கிடக்கும், மூக்கில் இரும்பும் எண்ணெயும் ஏறும். 8 மி.மீ. தடிமனில் 70 மி.மீ. நீளத்துக்கு அறுகோணத் தலை வைத்த மரத்திருகாணி, தளத்தில் அடிக்க, துளைக்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் பாஸ்டனர், எல் வடிவ இரும்புக் கிளாம்ப் என்று வாங்கிக்கொண்டு, போன வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் சும்மா சுற்றினேன்.

மிஸ்திரி வந்து, மகள் அறைப் பக்கமிருந்து பலகையை அறுத்து எடுத்தார். ஹால் பக்கம் அறுத்தால் அசிங்கம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்குமே. அறுக்கும் முன் மெயினை அணைத்துவிட்டேன். சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலே ஒயர் ஏறும் என்பது நமக்குத் தெரியும். தடுப்புக்குள்ளே அந்த ஒயர் குழாய்கூட இல்லாமல் கொடி போலக் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையனின் டிரில் நாலு விரல் இடப்பக்கம் போயிருந்தால் டிவிக்கு முன்னால் அவன் விழுந்திருப்பான். ஒயரைக் குழாயில் போட்டு ஓரமாக ஒதுக்கினோம். சட்டத்தின் அடியில் ஒரு குட்கா பாக்கெட் கிடைத்தது. 2012-இல் மகாராஷ்டிரத்தில் குட்காவைத் தடை செய்தார்களே, அதற்கு முந்தைய சரக்கு. புது மிஸ்திரி அதைத் தொல்பொருள் போல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

அப்புறம் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் சால் மரச்சட்டம் இரண்டை, தரையிலிருந்து மேல்தளம் வரை, சரியாகப் பதினாறு அங்குல இடைவெளியில் நிறுத்தினோம். மேலே கான்கிரீட்டில் ஆங்கர், கீழே எல் கிளாம்ப். நடுவில் இரண்டு இடத்தில் குறுக்குச் சட்டம். ஹால் பக்கம் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, ஜிப்சத்தை ஊடுருவி இந்த மரங்களோடு முடுக்கியது. டிவிக்குப் பின்னணி போலவும் ஆயிற்று, பழைய பெயர்ந்த பள்ளமும் மறைந்தது. பிராக்கெட்டின் திருகாணி பிளைவுட்டையும் ஜிப்சத்தையும் தாண்டி மரத்துக்குள் ஒன்றரை அங்குலம் போகிறது. முன்துளை போடாமல் அவ்வளவு தடிமனான திருகாணியை முடுக்கினால் சட்டம் பிளந்துவிடும். மிஸ்திரி போடலாமா என்று யோசித்தார், நான் விடவில்லை.

டிவியை அன்றே மாட்டவில்லை. கையை முழுசாக நீட்டி, நுனியில் 25 கிலோ அரிசி மூட்டையும் 10 கிலோ கோதுமை மாவும் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். உன் அக்கா ராத்திரி இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தாள், அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. காலையில் நுனி மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, அதற்கு மேல் அசையவில்லை. அன்று மதியம் டிவி ஏறியது.

இப்போது உன் மாடிக்கு வருவோம். உங்கள் கீழ்வீட்டில் கவலையே இல்லை. ஒன்றரை அடி செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. தாத்தா படம் மாட்ட ஆசாரி முக்கோணமாகக் கட்டை செதுக்கிச் சுவரில் இறக்கி, அதன்மேல் ஆணி அடித்தாரே, அந்தக் கட்டை இன்னமும் அங்கேதான் இருக்கும். நாம் இன்று செருகுகிற நைலான் பிளக்கை 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தார். செய்கிற வேலை ஆசாரியின் கட்டை செய்ததுதான்: திருகாணி உள்ளே போகப் போக விரிந்து சுவரை நெருக்கிப் பிடிப்பது. ஆனால் நெருக்கினால் எதிர்த்து நிற்கிற சுவர் இருந்தால்தான் அது பலிக்கும்.

மாடிக்கு நீ வாங்கியிருப்பதாக எழுதிய வெள்ளைக் கல் ஏஏசி பிளாக். அலுமினியப் பொடி போட்டு இட்லி மாவு போலப் பொங்க வைத்துச் செய்வது, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. செங்கல்லின் மூன்றில் ஒரு பங்கு எடைதான். பழைய அஸ்திவாரத்துக்கு மேலே ஏற்றுவதற்கு நல்ல தேர்வு, குறை சொல்லவில்லை. ஆனால் இரும்பு ஆங்கர் பாஸ்டனரை அதில் முடுக்கினால் அது விரியும், கல் நொறுங்கும். அதனால் கொத்தனாரிடமோ டிவி பொருத்த வருபவனிடமோ இரண்டு விஷயம் சொல்லிவிடு. டிரில்லை ஹாமரில் வைக்கக் கூடாது, சாதாரணச் சுழற்சி போதும். அப்புறம், ஏஏசிக்கென்றே விற்கும் நீள பிளக்கோ, பசை ஊற்றிப் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கரோதான் வேண்டும். சுவர் நாலு அங்குலம் என்றால் எனக்குப் பிடித்த வழி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போல்ட்டை ஓட்டி, பின்னால் இரும்புத் தகடு வைத்து முடுக்குவது. தகடு பாரத்தைப் பரப்பிவிடும்.

இன்னும் சுவர் எழும்பவில்லை என்றால் உனக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. டிவி வரும் இடத்தில், சுமார் நாலடி உயரத்தில், சுவரோடு சேர்த்து ஒரு ஆர்சிசி (கம்பி வைத்த கான்கிரீட்) பட்டை ஓட்டிவிட முடியுமா என்று உன் இன்ஜினியரைக் கேள். கம்பியும் ஜல்லியும் கொஞ்சம்தான் ஆகும், பிறகு எந்த ஆங்கரும் பிடிக்கும். கை வைத்த பிராக்கெட் மட்டும் வாங்காதே. ஒட்டி மாட்டுகிறதை வாங்கு. தங்கச்சி கேட்டால் என் மேல் பழியைப் போடு.

உன் அக்காவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நாலு நாள் கையை இழுத்து இழுத்துச் சமையலறையிலிருந்து பார்த்தாள். ஐந்தாம் நாளிலிருந்து ரசப் பொடி டப்பா மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதில் பார்க்கிறாள். திரை பெரிதாக இருந்தால் கண் கூசுகிறதாம். அறுபது கிலோ தாங்குகிற என் சுவர் இப்போது சும்மா நிற்கிறது.

மகள் அறைப் பக்கம் ஒட்டுப் போட்ட இடத்தில் பெயிண்ட் நிறம் சேரவில்லை, பழைய நிறம் கடையில் இப்போது கிடைப்பதில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு வா. சேடா நகர் முருகன் கோயில் படி 108-ஐயும் இந்த முட்டியோடு நான் ஏறிவிடுகிறேன், நீ ஏறுவாயா என்று பார்ப்போம். அதற்குள் அந்த மாடிச் சுவர் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. அதன் மறுபக்கம் குளியலறையா என்பதையும் எழுது, அப்படியென்றால் போல்ட்டை மறுபக்கம் ஓட்டுகிற யோசனையை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மச்சான்