பாட்டி ஏன் ஓடினாள்?

அன்புள்ள செல்வி,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னை எங்கே பேச விட்டாய், ஹாஸ்டல் காலத்துப் பழக்கம். இதை நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

என் நாலாம் வகுப்பில் ஒரு பெண். பிள்ளைகள் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பக்கத்தை நீட்டினாலும் லகர ழகரம் பிசகாமல் தடதடவென்று வாசிப்பாள். பார்வையிட யார் வந்தாலும் நான் எழுப்பி நிறுத்துவது அவளைத்தான். போன மாதம் கரும்பலகையில் நானே இரண்டு வரி எழுதினேன். ‘வானம் இருண்டது. பாட்டி கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு திண்ணைக்கு ஓடினாள்.’ அருமையாக வாசித்தாள். பாட்டி எங்கே ஓடினாள்? “திண்ணைக்கு.” எதை அள்ளினாள்? “துணிகளை.” ஏன் ஓடினாள்?

கரும்பலகையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “டீச்சர், அது அதுல இல்லையே.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நீயே பார், ‘கிலுப்பு மொடுவில் சவண்டது. கிலுப்பு எங்கே சவண்டது?’ மொடுவில் என்று சொல்லிவிட்டாய் இல்லையா? கிலுப்பும் தெரியாது, மொடுவும் தெரியாது; வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடலாம். முப்பது வருடமாக நான் கேட்ட கேள்விகளில் பாதி இந்த ஜாதி. சரியாகச் சொன்ன பிள்ளைகளுக்கெல்லாம் ‘நன்று’ போட்டு மேல்வகுப்புக்கு அனுப்பினேன். அவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது, செல்வி? டோலரஸ் டர்கின் என்று ஓர் அமெரிக்க அம்மையார். 1970களின் கடைசியில் அங்கே நாலாம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து நிமிடக் கணக்கு எடுத்தாராம். படித்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த நேரம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. புரிந்ததா என்று கேள்வி கேட்டுச் சோதித்ததற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் போயிருந்தது. என்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

மறுநாள் ரேடியோவைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்து, “மழை வந்தா உங்க வீட்ல என்ன நடக்கும்?” என்றேன். கொட்டித் தீர்த்துவிட்டாள். அப்பாயி மாடியில் வத்தல் காயப் போட்டிருக்குமாம், தூறல் விழுந்ததும் சேலையோடு சுருட்டிக்கொண்டு ஓடிவருமாம், ஒருநாள் படியில் எல்லாம் கொட்டிவிட்டதாம். “அப்போ இந்தப் பாட்டி?” என்று கரும்பலகையைக் காட்டினேன். கண் விரிந்தது. “மழ வரப்போவுதா டீச்சர்?” தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பாடத்துக்குள் கொண்டுவரலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

அந்த அப்பாயி யார் தெரியுமா? 1991ல் நம் அறிவொளி வகுப்பில், அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருமே, சைக்கிள் ஓட்டப் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதே, அதேதான்! அந்தப் பெண்கள் ‘கூலி’ என்ற ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். முடித்த மறுநிமிடம் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சண்டை கிளம்பிவிடும். ஒரு சொல்கூடப் பேச்சில்லாமல் கடந்து போகாது. பேத்தி நிமிடத்தில் ஒரு பக்கம் வாசிக்கிறாள். அதைப் பற்றிப் பேச அவளுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது வகுப்பில் மெதுவாகப் போகிறேன். நான் வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, ‘அடடா, இருட்டுதே, என்ன ஆகப்போகுதோ’ என்று எனக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்கிறேன். புத்தகத்தை மூடவைத்து, அவர்கள் பேசுகிற பேச்சிலேயே கதையைச் சொல்லச் சொல்கிறேன். ‘அள்ளிக்கொண்டு’ என்பது வீட்டில் சொல்கிற ‘அள்ளிக்கிட்டு’தான் என்று தெரியாமலே சிலர் நாலாம் வகுப்பு வரை வந்திருக்கிறார்கள். ‘ஆயினும்’ வந்தால் கண்ணே படாமல் தாண்டிவிடுகிறார்கள், கதை திரும்புகிற இடமே அதுதான். இன்னொன்று, நம் தமிழில் ‘வந்தான், பார்த்தான், போய்விட்டான்’ என்று எழுதிவிடலாம். ஆளைச் சொல்லத் தேவையில்லை. வந்தது யார், போனது யார் என்று ஒவ்வொரு வினைக்கும் கேட்டால்தான் குட்டு வெளிப்படுகிறது.

உன் பேரன் இங்கிலீஷ் புத்தகம் வாசித்த வீடியோவைப் பார்த்தேன். குரல் அச்சு அசல் நீதான். கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையில் வருகிற பிள்ளை பனியில் சறுக்கி விளையாடுகிறானே, பனி என்றால் மார்கழி மாதப் பனியையா உன் பேரன் நினைத்துக்கொண்டிருக்கிறான்? 1988ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதி. ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டமே தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாக நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னார்கள். உன் பேரனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போ, சந்தைக்குக் கூட்டிப்போ, தமிழில் வாய் ஓயாமல் பேசு. இந்த ஒன்றை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதே.

வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வந்திருக்கின்றன அல்லவா? ரேடியோவைப் ‘பற’விலிருந்து ‘நட’வுக்கு இறக்கினேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நேற்று, நான் எதுவும் கேட்காமலே எழுந்து நின்றாள். “டீச்சர், அந்தப் பாட்டி ஏன் ஒத்தையா அள்ளுது? அதுக்கு வீட்ல யாருமே இல்லையா?” மகன் திருப்பூரில் இருக்கிறான் என்றான் ஒருவன். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் என்றாள் இன்னொருத்தி. மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை.

உன் பீரோவில் இருக்கும் சின்னப்பிள்ளைக் கதைப் புத்தகங்களை அனுப்பு. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலா