குழாய்க்குள் பூச்சு வேண்டாம், ஓட்டையை அடைத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க வீட்டுப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில் ஒரு யோசனை என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. ஏசி காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்த கையோடு உட்புறம் முழுக்க சீலன்ட் என்னும் மூடுபூச்சைத் தெளித்துவிட்டால் தூசியும் பூஞ்சையும் அண்டாது என்று எழுதியிருந்தது. டாலஸ் பக்கம் எங்கள் தெருவில் ஆட்கள் கதவைத் தட்டி விற்பதும் இதைத்தான். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா இருமினால் போதும், குழாயைக் காட்டிப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ. இதைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு விளக்கமாகவே எழுதி வைத்திருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுகிறது என்பதே இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்கிறது. உட்பூச்சை வழக்கமாகச் செய்யும்படி அது பரிந்துரைக்கவும் இல்லை. காற்றோடு தெளிக்கும் பூச்சு உட்பரப்பு முழுவதும் படிவதில்லை என்று ஆய்வகச் சோதனையில் தெரிந்திருக்கிறது. உள்ளே ஃபைபர்கிளாஸ் என்னும் கண்ணாடி இழை ஒட்டிய குழாயாக இருந்தால், தீயைத் தாங்கும் தன்மை மாறலாம், வாரன்ட்டியும் போகலாம். கிழிந்த ஃபைபர்கிளாஸைச் சரிசெய்ய, தீ விபத்தில் பாதித்த குழாயைச் சீராக்க என்று சில இடங்களில் மட்டும் பூச்சுக்கு வேலை இருக்கிறது. ஈரத்தின் மேலும் வளரும் பூஞ்சையின் மேலும் பூசவே கூடாது. நனைந்து பூஞ்சை பிடித்த ஃபைபர்கிளாஸைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்து அதையும் நிறுத்த வேண்டும்.

அப்புறம் தூசி எப்படித்தான் உள்ளே வருகிறது? டெக்சாஸ் வீடுகளில் பெரும்பாலும் குழாய்கள் கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில்தான் ஓடுகின்றன. கோடையில் அங்கே நிற்கக்கூட முடியாது, அவ்வளவு சூடு. அறைக் காற்றை ஏசிக்குத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் குழாயின் இணைப்பு விட்டிருந்தால் அந்தச் சூட்டையும் ஈரப்பதத்தையும் வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷனின் தூளையும் அது உறிஞ்சி, நாம் படுக்கும் அறைக்கே அனுப்பும். குளிர்ந்த காற்று போகும் குழாயில் ஓட்டை இருந்தால் காசு கொடுத்துக் குளிர வைத்த காற்று அட்டிக்கில் கொட்டும். சாதாரண வீட்டிலேயே குழாய்க் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படி வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எரிசக்திச் சேமிப்புத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்கிறது. கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் ரிட்டர்ன் ஒழுகினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் இழுக்கப்படும் ஆபத்தும் உண்டு. கட்டுரை இதைத் தொடவே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

ஒழுகும் இணைப்புகளுக்கு வெளிப்புறமாக மாஸ்டிக் பசை பூசலாம், அல்லது காற்றுக் குழாய்களுக்கான தரமாகிய யூ.எல். 181 முத்திரை உள்ள ஃபாயில் டேப் ஒட்டலாம். துணி போட்ட சாதாரண டக்ட் டேப் வேண்டாம். 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் சோதித்தபோது குழாய் அடைக்கும் வேலையில் தோற்றது அந்த டேப்தான். கை எட்டாத ஓட்டைகளுக்கு அதே ஆய்வகத்தில் 1990-களில் உருவான ஏரோசால் முறை இருக்கிறது. அறைகளில் காற்று வரும் வாய்களை மூடிவிட்டு, நுண்ணிய பசைத் துகள்களை அழுத்தத்தோடு உள்ளே விடுவார்கள். அவை ஒழுகும் இடத்தின் விளிம்பில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். குழாயின் உட்சுவர் முழுக்கப் பூசிக்கொள்வதில்லை. கழன்று கிடக்கும் குழாயையும் பெரிய ஓட்டையையும் மட்டும் முதலில் கையால் சரிசெய்துவிட வேண்டும். உட்பூச்சு விற்பவர்கள் இந்த முறையின் பெயரைச் சொல்லியும் வருவதால் வாசகர்கள் கவனமாக இருக்கட்டும். வேலைக்கு முன்பும் பின்பும் எவ்வளவு காற்று ஒழுகியது என்ற அளவை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கோடை நெருங்குகிறது, ஏசி ஆட்களைப் பலரும் இப்போதுதான் கூப்பிடுவார்கள். ஆகவே அடுத்த இதழிலேயே இதற்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டாலஸ், டெக்சாஸ்