வேப்பமரத்தில் கை வைக்க வேண்டாம்

ரொறன்ரோ
ஏப்ரல் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

கொழும்பு மாமாவின் மகன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தீர்கள். கண் சத்திரசிகிச்சை பலித்துவிட்டது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். நான் நலம். வேலைக்கோ சாப்பாட்டுக்கோ ஒரு குறையும் இல்லை.

பனி முற்றாகக் கரைந்துவிட்டது. வேலைக்கு இப்போது நடந்தே போய்வருகிறேன், உடம்புக்கு நல்லது. காலையில் மட்டும்தான் வேலை என்பதால் மத்தியானம் ஆறுதலாக மரங்களைப் பார்த்துக்கொண்டு திரும்பலாம். குளிர்காலம் முழுக்க எல்லாம் ஒரே மாதிரி மொட்டைக் கம்பாக நின்றன. எது எந்த மரம் என்று இப்போதுதான் பிரித்தறிய முடிகிறது.

இங்கே பல மரங்கள் இலை விடுமுன்பே பூத்துவிடுகின்றன. முதலில் பூத்தது சிவப்பு மேப்பிள். நடைபாதையில் சின்னச் சின்னச் சிவப்புக் குஞ்சங்கள் உதிர்ந்து கிடக்கக் கண்டுதான் நிமிர்ந்து பார்த்தேன். இப்போது நோர்வே மேப்பிளின் முறை; பச்சையும் மஞ்சளும் கலந்த கொத்துகள். எங்கள் தெருவில் அதுதான் அதிகம். ஐரோப்பாவிலிருந்து வந்த மரம். பாணி காய்ச்சும் சீனி மேப்பிளின் இலையும் ஏறக்குறைய இதே வடிவம். காம்பை ஒடித்துப் பால் வந்தால் நோர்வே, வராவிட்டால் சீனி மேப்பிள். மூலை வீட்டு மக்னோலியாவின் மொட்டுறை பூனைக்குட்டியின் காதுபோல மெல்லிய மயிரோடு இருக்கிறது. விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சியின் மகள் பார்த்தால் விடமாட்டாள்.

அடுத்த வீட்டு இத்தாலியக் கிழவர், கார்த்திகையில் தன் அத்திமரத்தைப் பழைய கம்பளத்தாலும் தார்ப்பாயாலும் சுற்றிக் கட்டினாரே, போன கிழமை அதை அவிழ்த்தார். ஒரு கயிற்றையும் வெட்டவில்லை. முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, அடுத்த குளிருக்கென்று சுருட்டி வைத்தார். பிறகு ஒரு கிளையை நகத்தால் மெல்லச் சுரண்டி, தோலுக்கடியில் பச்சை தெரிகிறதென்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நம் ஊர் அத்திபோல அடிமரத்தில் காய்ப்பதல்ல இது, இலையும் வேறு. இத்தாலியில் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பை நட்டு வளர்த்தாராம்.

அவர்தான் டான்டேலியன் கீரையையும் காட்டித் தந்தார். புல்தரையெங்கும் மஞ்சளாகப் பூக்கும் செடி. பூக்குமுன்பே கத்தியால் வேரோடு நெம்பி எடுக்க வேண்டும். புல்தரைக்குக் களைமருந்து அடிக்க இந்த மாகாணத்தில் 2009 முதல் தடை இருப்பதால் அவருடைய வளவில் பறித்ததைப் பயமில்லாமல் சாப்பிட்டேன். பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுத்தேன். இந்தக் கிழமை அடிக்கடி அதுதான் கறி. முதல் நாள் வாயில் வைத்ததும் அந்தக் கசப்பில் உங்கள் வேப்பம்பூ வடகம் நினைவுக்கு வந்து, அன்று அதற்குமேல் சாப்பிட முடியவில்லை அம்மா. இந்நேரம் கிணற்றடி முழுக்கப் பூக் கொட்டிக்கிடக்கும். விடியற்காலையில் நீங்கள் பெருக்கும் சத்தம் காதுக்குள் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஹை பார்க்குக்கு செர்ரிப் பூப் பார்க்கப் போனேன். பட்டையில் குறுக்குக் கோடுகளும் இதழ் நுனியில் ஒரு சிறு பிளவும் இருந்தால் அது செர்ரி. 1959இல் டோக்கியோ மக்கள் இந்த நகரத்துக்கு 2,000 மரங்களைக் கொடுத்தார்களாம். உலகப்போருக்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்த ஜப்பானியக் கனேடியரை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக. இதைக் கேட்டு மனம் இளகிவிட்டது. எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெயில் இறங்குமுன்பே வந்துவிட்டேன்.

இனி மதில் விஷயம். வடக்கு எல்லை வேப்பமரத்தைத் தறித்துவிட்டுக் கட்டப்போவதாகத் தம்பி சொன்னான் என்று எழுதியிருந்தீர்கள். தறிக்க விடாதீர்கள். இந்த ஊரில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரம் சொந்தக் காணியில் நின்றாலும் நகரசபை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அங்கே நம்மைத் தடுக்க யாரும் இல்லை என்பதற்காக அப்பு வைத்த மரத்தை விழுத்துவதா? பக்கத்து வளவுச் சந்தியடி மாமிக்குக் கிணற்றில் இலை விழுவதுதான் குறை என்றால் அந்தப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிடலாம். மதிலை மரத்தடியில் இரண்டு அடி நம் பக்கம் ஒதுக்கிக் கட்டட்டும். அந்தத் துண்டு நிலம் மாமிக்குப் போய்விடும் என்று தம்பி சண்டைக்கு நிற்பான். எல்லைக்கல்லைப் பிடுங்காமல் அப்படியே விடட்டும்.

நில அளவையாளர் வரும்போது காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை மட்டும் காட்டுங்கள். மூலப்பத்திரம் அலுமாரியிலேயே இருக்கட்டும். மதிலுக்கான காசை ஆடியில் கட்டாயம் அனுப்புகிறேன். அதுவரை கல் இறக்க வேண்டாமென்று தம்பியிடம் சொல்லுங்கள். தங்கச்சியின் சீட்டுக் காசையும் இதற்காக எடுக்க வேண்டாம். சின்னம்மாவின் மகள் ஆனியில் வருகிறாளாம். இடமிருந்தால் அவளிடம் கொஞ்சம் வடகம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்