நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய அறிவியல் நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த மாவட்ட அறிவியல் கண்காட்சிச் செய்தியை, பார்வையற்றவனான எனக்கு என் கைப்பேசி வழக்கம்போல் படித்துக் காட்டியது. கண்காட்சிக்கு அழைத்துவரப்பட்ட சிறப்புப் பள்ளி மாணவர்களைப் பற்றி, 'செய்முறை அறிவியல் இவர்களுக்கு எட்டாதது என்றாலும், இவர்களும் வந்து கலந்துகொண்டது நெகிழச் செய்தது' என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. என்னை அறிவியலிலிருந்து விலக்கிவைத்தவர்கள் அனைவருமே நல்லெண்ணம் உடையவர்களாகத்தான் இருந்தார்கள்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்று, மேல்நிலையில் அறிவியல் பிரிவு கேட்டேன். 'ஆய்வகத்தில் அமிலம் மேலே பட்டுவிட்டால் யார் பதில் சொல்வது?' என்று வரலாற்றுப் பிரிவில் சேர்த்தார்கள். பார்வையுள்ள பிள்ளைகள் மீது அமிலம் படவே படாது போலும். வரலாறு எனக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் படம் வரைவதிலிருந்து விலக்கு, செய்முறையிலிருந்து விலக்கு என்று சலுகையின் பெயரால் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டுவிட்டு, அறிவியலே எங்களுக்கு எட்டாதது என்று அச்சிலும் ஏற்றினால் எப்படி?

தாங்கள் அறியாததல்ல, என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே, வெங்காயத்தின் மணம் அமிலத்தில் நிலைத்துக் காரத்தில் மறைவதைக் கொண்டு, லிட்மஸ் தாளின் நிறம் பாராமல் மூக்கினாலேயே இரண்டையும் பிரித்தறியும் சோதனை இருக்கிறது. நான் போன கண்காட்சி எதிலும் அந்த வெங்காயத்தை முகரும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. 'தொடாதே' என்ற அதட்டல் மட்டும் தவறாமல் வாய்த்தது. ரப்பர் விரிப்பின்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு புடைத்து எழும். வில்லையில் (லென்ஸில்) ஒளி வளையும் படத்தை இப்படி வரைந்தால், விரலால் தடவியே படித்துவிடலாம். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

காது கேளாதோர் பள்ளியில் பணிபுரியும் என் மனைவி, தம் மாணவர்களைக் கோளரங்கம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். விளக்கணைந்ததும் சைகை மொழிபெயர்ப்பாளரின் கைகளும் இருளில் மறைந்துவிட்டன. அந்தக் கைகளின்மேல் விழும்படி மங்கலான சிறுவிளக்கு ஒன்று கேட்டதற்கு, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றார்களாம். செபீடு விண்மீன்களின் ஒளி ஏறியிறங்கும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை 1912இல் நிறுவி, விண்வெளித் தொலைவை அளக்க வழிகாட்டிய ஹென்ரியட்டா லெவிட் காது கேளாதவர். அவரே வந்திருந்தாலும் அந்த அரங்கில் இருட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

2013இல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் 96 விழுக்காடு பெற்ற பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வெழுத இங்கே வழி கிடைக்காமல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்போது வருந்தாத நாளிதழ் இல்லை. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபோது வரவேற்காத நாளிதழும் இல்லை. இத்தனைக்கும் பிறகுதான் இந்த 'எட்டாதது'.

மறுப்போ வருத்தமோ வெளியிடும்படி நான் கேட்கவில்லை. 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் அறிவியல் நிகழ்ச்சிகளை அறிவிக்கும்போது, தொட்டுணரும் மாதிரிகள் உண்டா, சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேட்டு ஒரு வரி சேர்த்தால் போதும். இல்லையென்றால் இல்லை என்றே அச்சிடுங்கள். எங்களுக்குப் பேருந்துக் கட்டணமாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி