முலாஞ்சே சுகாதார நிலையத்துக்குச் சூரிய மின்சாரம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

2023இல் தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவியைத் தாக்கிய பிரெட்டி புயலின் நிவாரணத்துக்கு நீங்கள் தந்ததில் மிஞ்சிய தொகையோடு புதிய நன்கொடையும் சேர்த்துத் தொடங்கிய வேலை முடிந்துவிட்டது. அங்குள்ள முலாஞ்சே மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் பிரசவ அறை, மருந்தகம், செவிலியர் குடியிருப்பு மூன்றிலும் இப்போது இரவில் விளக்கு எரிகிறது. முன்பு பிரசவத்துக்கு வரும் தாய்மார் துணிமணியோடு மெழுகுவர்த்தியும் எடுத்து வருவார்கள். அது நின்றதே எங்களுக்குப் பெரிய நிறைவு.

"மின்வாரியக் கம்பிக்கே முயன்றிருக்கலாமே?" என்று சில உறுப்பினர்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மலாவியில் கம்பி எட்டியிருப்பது சுமார் ஐந்தில் ஒரு வீட்டுக்குத்தான். கிராமங்களில் இன்னும் குறைவு. கம்பி வந்தாலும் அதில் ஓடும் மின்சாரம் பெரும்பாலும் ஷீரே ஆற்றின் நீர்மின் நிலையங்களை நம்பியது. 2022 ஜனவரியில் அனா புயல் வெள்ளம் அந்த ஆற்றின் கபிசிரா அணையை உடைத்தபோது சுமார் 130 மெகாவாட் ஒரேயடியாகப் போனது. அதைச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆனது. பிளாண்டயர் நகரில் இருந்த நாமே அந்த மின்வெட்டை அனுபவித்தோம். சலிமாவில் 60 மெகாவாட், கொலோமோட்டியில் பேட்டரியோடு 20 மெகாவாட் என்று பெரிய சூரிய நிலையங்கள் வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் அந்த மின்சாரமும் கம்பி வழியாகத்தான் வரவேண்டும். கம்பியில்லாத ஊருக்கு அதன் கூரையிலேயே பேனல் வைப்பதுதான் இன்றைக்கு வழி.

கூரையில் பத்து பேனல் வைத்திருக்கிறோம். நம் ஊரில் தெற்கு பார்த்து வைப்போம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே வடக்கு பார்த்து. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது சிபெரோனி. குளிர்காலத்தில் மொசாம்பிக் பக்கமிருந்து வரும் அந்தத் தூறலும் மூடுபனியும் நாள்கணக்கில் சூரியனை மறைத்துவிடும். அதனால் பேட்டரியைப் பெரிதாக்கினோம். டியூபுலர் எனும் ஈய-அமில பேட்டரி விலை குறைவுதான், ஆனால் நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் லித்தியம் வாங்கினோம். தடுப்பூசிக் குளிர்பெட்டி தனி ஏற்பாடு. அதற்குப் பேட்டரியே கிடையாது. தன் சொந்தப் பேனலின் மின்சாரத்தில் பகலில் உள்ளே பனிக்கட்டி உறையவைத்து, அந்தக் குளிரிலேயே இரவைத் தாண்டும். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். மலேரியா தடுப்பூசியை 2019இல் உலகிலேயே முதலில் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய நாடு இது. அந்த மருந்து கெடாமல் கிராமம்வரை போய்ச்சேர இந்தப் பெட்டி மிக அவசியம்.

செலவு திட்டமிட்டதைத் தாண்டியது. 2023 நவம்பரில் டாலர் ஒன்றுக்கு 1,180 குவாச்சாவாக (மலாவி நாணயம்) இருந்தது 1,700 ஆனது. பேனல், இன்வெர்ட்டர் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருபவை. இரண்டாம் முறை கேட்டபோதும் முகம் சுளிக்காமல் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

அப்புறம், பராமரிப்பு. இந்தக் குழு மிகவும் அக்கறைப்படுவது இதில்தான். பேனல் இருபது வருடம் தாங்கும். அதற்குள் பேட்டரி தீர்ந்து, மாற்றப் பணமில்லாமல் இருண்டுபோன அமைப்புகள் இந்த நாட்டில் நிறைய. அதனால் வாசலில் கட்டணத்துக்குப் போன் சார்ஜ் செய்யும் சிறு அறை ஒன்று கட்டியிருக்கிறோம். அந்த வருமானம் புதுப் பேட்டரிக்கான கணக்கில் சேரும். பணம் எடுக்கச் செவிலியர், ஊர்க்குழு இருவரின் கையெழுத்தும் வேண்டும். ஹாட்பிளேட், இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றைச் செருகினால் அந்தப் பகுதி மட்டும் தானாக அணைந்துவிடும். பிரசவ அறை விளக்குக்குத் தனி இணைப்பு. பேனலைத் துடைக்கவும் இணைப்புகளைச் சோதிக்கவும் ஊர்ப் பெண்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்தோம். இன்வெர்ட்டர் காட்டும் எச்சரிக்கைகளை அவர்கள் எங்களைவிட வேகமாகப் படிக்கிறார்கள்.

கையிருப்பில் ஒரு சிறு தொகை உள்ளது. அதைப் பள்ளிக்கூட விளக்குகளுக்குச் செலவிடலாம் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனாலும் அது பேட்டரிக் கணக்கிலேயே முதலீடாக இருக்கட்டும் என்பது குழுவின் பரிந்துரை. அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் ஒப்புதலைக் கேட்போம். வர இயலாதவர்கள் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்