உன் மருமகனின் பந்துவீச்சு

ஹட்டன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம். மழை விடாததால் பிள்ளைகளுக்கு மைதானம் இல்லை.

பயிற்சியில் ஒழுங்காகப் போடும் உன் மருமகன், போட்டியென்று வந்தால் பந்து விரலை விட்டுப் போகாமல் தவிக்கிறான் என்றும், அது வெறும் கோழைத்தனம் என்றும் எழுதியிருந்தாய். அதை நான் ஏற்கமாட்டேன். நெருக்கடியில் மனிதன் தன் செயலைத் தானே உற்றுக் கவனிக்கத் தொடங்குவதால்தான் பழகிய திறன் குலைகிறது என்று ரோய் போமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984இலேயே எழுதிவிட்டார். கொழுந்து பறிக்கும் நம் அக்காமாரிடம் ஒவ்வொரு விரலும் மடங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பறிக்கச் சொன்னால், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

1993 விம்பிள்டன் டென்னிஸ் இறுதியாட்டத்தை நினைத்துப் பார். ஸ்டெபி கிராபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலையில் நின்ற யானா நொவோட்னா, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1 என்ற கட்டத்தில் பந்தை அடித்துத் தொடங்கும் இரண்டு சேர்வ் வாய்ப்புகளையும் தவறவிட்டார். அதன்பின் அந்தச் செட்டில் ஒரு கேமைக்கூட வெல்லாமல் 6-4 என்று தோற்றார். அதே விம்பிள்டனை 1998இல் வென்ற அவரைக் கோழை என்பாயா?

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் கதை சற்று வேறு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், இரண்டரைச் சுற்றுச் சுழல வேண்டிய பாய்ச்சலில் ஒன்றரைச் சுற்றோடு தரையிறங்கினார். அந்தரத்தில் தன் உடல் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. அணிப் போட்டியிலிருந்து விலகியவர், சில நாட்களில் சமநிலைக் கட்டையில், முறுக்கிச் சுழலாமல் இறங்கும்படி முடிவை மாற்றி வெண்கலம் வென்றார். விலகியதற்காக அவரை ஏசியவர்கள் அந்த மாற்றத்தை ஏனோ பேசுவதில்லை. 2024இல் பாரிசில் மூன்று தங்கம்.

ஆகவே பையனையும் கொஞ்ச நாள் போட்டிகளிலிருந்து நிறுத்தி, துடுப்பாட்டக்காரன் இல்லாமல், ஒற்றை விக்கெட்டைக் குறியாக வைத்து, நடந்து வந்து போடவிட்டுப் பார். வலக்கைக்காரர்கள் ஆட்டத்துக்குமுன் இடக்கையால் பந்தொன்றை அழுத்தினால் தடுமாற்றம் குறைவதாக ஜெர்மனியில் பரிசோதித்திருக்கிறார்கள். உன் மருமகன் இடக்கையன் என்பதால் அது அப்படியே பொருந்துமா என்பது வேறு கதை. எல்லைக்கோட்டில் நின்று “மணிக்கட்டைப் பார், மணிக்கட்டைப் பார்” என்று நீ கத்துவதை முதலில் நிறுத்து.

ஆகஸ்ட் விடுமுறையில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. தங்கையைச் சுகம் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் நண்பன்
ராஜு