ஆறு பாடமும் ஒரு கையெழுத்தும்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
பிப்ரவரி 22, ஞாயிறு

ஏட்டி சாந்தி,

வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதியிலேயே நிறுத்திட்டு 'மிச்சத்தை அப்புறம் கேக்கேன்'னு சொல்லுவ. அதனாலதான் உக்காந்து எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். இவருக்கு முட்டுவலி அப்படியே இருக்கு. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் நடக்கலை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப நீ போய்ப் பார்த்துட்டு வந்தியாமே, தங்கச்சி சொன்னா. அதுக்கு உனக்கு என்ன வேணும்னு கேளு, ஜூன்ல கொண்டாறேன். நவம்பர்ல நீ அனுப்பின நீள மெசேஜுக்குப் பதில் போடாததுக்குத் திட்டணும்னா திட்டிக்கோ, உன் பதில் கடிதத்துல முதல் பத்தியை அதுக்குன்னே ஒதுக்கிக்கோ.

விஷயத்துக்கு வாரேன். யாழினிக்குப் பதினொன்னாம் கிளாஸ் பாடம் எடுக்கிற படிவம் வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்குப் போயிட்டது. பொங்கல் கழிஞ்சதுலருந்து இந்த வீட்டுல நடந்த கூத்தை இங்க இருக்கிறவங்ககிட்டச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தா உடனே 'உங்க பொண்ணு எத்தனை ஏபி?'ன்னு கேப்பாங்க.

நமக்கெல்லாம் எப்படி நடந்துச்சு? தவமணி டீச்சர் மார்க் ஷீட்டைப் பார்த்தாங்க, கண்ணாடியை இறக்கிக்கிட்டு 'கணக்குல தொண்ணூறுக்கு மேல, ஃபர்ஸ்ட் குரூப்பு, அடுத்தது'ன்னாங்க. முடிஞ்சது நம்ம வாழ்க்கை. வரலாறு குரூப்புல சேரணும்னு நீ வாயைத் திறந்ததுக்கு அவங்க பார்த்த பார்வை இருக்கே! (அன்னைக்கு நீ அழலைன்னு இன்னமும் சாதிக்க. அழுத.)

இங்க குரூப்புன்னு ஒன்னு கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு பீரியட், வருஷம் முழுக்க அதே ஆறு பாடம்: இங்கிலீஷ், அமெரிக்க வரலாறு, கணக்கு, அறிவியல், வேற மொழி ஒன்னு, இஷ்டப் பாடம் ஒன்னு. ஒரே பக்கத்துல ஆறு கட்டம், கீழ பெத்தவங்க கையெழுத்துக்கு ஒரு கோடு. கேக்க லேசா இருக்குல்ல? ஆனா ஒவ்வொரு பாடத்துலயும் சாதா, ஹானர்ஸ், ஏபின்னு படி வச்சிருக்காங்க. ஏபின்னா காலேஜ் முதல் வருஷத்துப் பாடம் மாதிரி. மே மாசம் காலேஜ் போர்டுன்னு ஒரு அமைப்பு தனியாப் பரீட்சை வைக்கும், ஒன்னுலருந்து அஞ்சு வரை மார்க்கு. ஒரு பரீட்சைக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் நாமதான் அழணும்.

பதினொன்னாம் கிளாஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேப்ப. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதான் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், டேவிஸ்னு ஒன்பது ஊர்ல இளநிலை டிகிரி தர்ற யூசிக்கு, பன்னெண்டாம் கிளாஸ் பாதியில இருக்கப்பவே, நவம்பர் கடைசிக்குள்ள விண்ணப்பம் போட்டுரணும். அப்ப கையில இருக்கிற மார்க் பதினொன்னு வரைக்கும்தான். கிரேடு சராசரிக்கு அவங்க கணக்கில எடுக்கிறதே பத்தும் பதினொன்னும்தான், ஒன்பதாம் கிளாஸ் சேராது. போதாக்குறைக்கு எஸ்ஏடிங்கிற காலேஜ் நுழைவுத் தேர்வு மார்க்கை அவங்க கண்ணெடுத்தும் பார்க்கிறதில்லைன்னு முடிவு பண்ணி வருஷமாச்சு. முன்னல்லாம் ஸ்கூல்ல கோட்டை விட்டாலும் எஸ்ஏடியில பிடிச்சுக்கலாம்னு ஒரு தைரியம் இருந்துச்சாம். இப்ப அதுவும் இல்லை.

அதனால இவர் ஒரு எக்செல் போட்டார். நீ சிரிப்ப, எனக்குச் சிரிப்பு வரலை. பச்சைக் கலர், மஞ்சள் கலர், ஓரத்துல குறிப்பு. இவர் திட்டம் என்னன்னா, கோடை லீவுல கம்யூனிட்டி காலேஜ்ல ப்ரீகால்குலஸை, அதாவது கால்குலஸுக்கு முந்தின படிக் கணக்கை, முடிச்சுரணும், பதினொன்னுல நேரா ஏபி கால்குலஸ் பிசி, கூடவே ஏபி ஃபிசிக்ஸ், ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏபி இங்கிலீஷ், ஏபி வரலாறு. ஆக மொத்தம் அஞ்சு. ஆறாவது கட்டத்துல ஸ்பானிஷ். சாப்பாட்டுக்கு எப்ப போவான்னு கேட்டேன், 'அதுக்கு லஞ்ச் பிரேக் இருக்கே'ங்கிறார்.

யாழினி அந்த எக்செல்லைத் திறக்கவே இல்லை. அவ ஒரு தாள்ல பென்சிலால எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா: ஏபி அமெரிக்க வரலாறு, ஏபி இங்கிலீஷ், ப்ரீகால்குலஸ், சாதா ஃபிசிக்ஸ், ஸ்பானிஷ் 3, மண்பாண்டம். ஆமா, மண்பாண்டம்தான். சக்கரத்துல வச்சுச் சட்டி செய்யச் சொல்லித் தாராங்க. எனக்கு உங்க அப்பாச்சி வீட்டுப் பின்னால இருந்த வேளார் ஞாபகம் வந்துச்சு. இவருக்கு பிபி வந்துச்சு.

இதுல நான் எங்க நின்னேன்னா, முதல்ல இவர் பக்கம்தான். சும்மா சொல்லக்கூடாது, பயம் எனக்கும் இருந்துச்சு. எதிர்வீட்டுப் பையன் அஞ்சு எடுத்திருக்கான், அவனோட அம்மா அதைச் சொல்லாத நாள் இல்லை. அந்தப் பையன் அறையில நடுராத்திரி தாண்டியும் லைட் எரியுது. இங்க ஒரு சட்டம் இருக்கு தெரியுமா? உயர்நிலைப் பள்ளியெல்லாம் காலைல எட்டரைக்கு முன்னாடி தொடங்கக்கூடாது, இந்த வயசுப் பிள்ளைங்க தூங்கணும்னு 2022-லருந்து நடைமுறையில இருக்கு. நல்ல சட்டம்தான். ஆனா எட்டரைக்கு முன்னாடி 'ஜீரோ பீரியட்'னு ஒன்னு வச்சுக்க விலக்கும் உண்டு. ஏழாவதா ஒரு பாடம் எடுக்கணும்னு அதுக்குத்தான் பிள்ளைங்க முட்டி மோதுதுங்க. தூங்கக் குடுத்த நேரத்துல ஒரு பாடம்! நம்ம ஊர்ல ஸ்பெஷல் கிளாஸ்னு அஞ்சரைக்கு எழுப்பி விடுவாங்களே, அதையே கோட்டு சூட்டு போட்டு வச்சிருக்காங்க.

என் மனசு மாறினது ரெண்டு விஷயத்தால. ஒன்னு கணக்கு, இன்னொன்னு அவ.

கணக்கை முதல்ல சொல்லிடுறேன், உனக்குப் பிடிக்கும். சாதாப் பாடத்துல ஏ வாங்கினா நாலு பாயின்ட். ஏபியில ஏ வாங்கினா அஞ்சு, பி வாங்கினா நாலு. அப்ப எத்தனை ஏபி எடுத்தாலும் பாயின்ட் கூடிட்டே போகும்தானே? அப்படித்தான் எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. யூசியோட விதியை ஒரு நாள் ராத்திரி நானே உக்காந்து வரிவரியாப் படிச்சேன். இந்தக் கூடுதல் பாயின்ட் எட்டு செமஸ்டருக்குத்தான், அதாவது முழு வருஷப் பாடம் நாலுக்குத்தான் உண்டு. அதுக்கு மேல எத்தனை எடுத்தாலும் அந்தச் சராசரியில ஒரு புள்ளி ஏறாது. அதுல பத்தாம் கிளாஸ் பாடத்துக்கு நாலு செமஸ்டர்தான் சேரும். யாழினி இந்த வருஷம் ஏபி உலக வரலாறு படிக்கா, அது ரெண்டு செமஸ்டர். மிச்சம் ஆறு, அதாவது மூணு பாடம். அப்ப அஞ்சாவது ஏபி யாருக்கு? எடுத்த பாடம் கஷ்டமானதான்னும் அவங்க பார்க்கிறாங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் திணறி ரெண்டு சி வாங்கிட்டா அது எந்த ஊர் லாபம்? பாதி ஓட்டம் எதிர்வீட்டு அம்மாவுக்காகத்தான் ஓடுறாங்கன்னு எனக்குப் பட்டுச்சு.

இன்னொன்னு, அந்த வரலாறு. 'டாக்டருக்கோ இன்ஜினியருக்கோ அது எதுக்கு, சாதா வரலாறே போதுமே'ன்னு இவர் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில சொன்னார். அவ சத்தம் போடலை. தட்டைத் தள்ளி வச்சுட்டு, '1923-ல என்ன நடந்துச்சு தெரியுமாப்பா'ன்னா. பகத் சிங் திண்டுன்னு ஒரு சீக்கியர், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், குடியுரிமை கேட்டாராம். நீ வெள்ளைக்காரன் இல்லை, உனக்குக் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள்கிட்டருந்தும் பிடுங்கினாங்களாம். 1946-ல சட்டம் மாறினப்பவும் இந்தியாவுலருந்து வருஷத்துக்கு நூறே பேர்தான். 1965-ல புதுச் சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்துச்சு. 'அது வரலைன்னா நீங்க ரெண்டு பேரும் இங்க இல்லை, நானும் இல்லை'ன்னா. நாங்க பரீட்சை எழுதிக் குடியுரிமை வாங்கினவங்கடி. நூறு கேள்வி மனப்பாடம் பண்ணினோம், கொடியில எத்தனை கோடு, முதல் ஜனாதிபதி யாருன்னு. இது எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

போன வருஷம் ஏஞ்சல் தீவுக்குப் போட்டுல போனோம்னு போட்டோ அனுப்பினேன்ல, கப்பல்ல வந்தவங்களை 1910-லருந்து 1940 வரைக்கும் அடைச்சு வச்சு விசாரிச்ச இடம். சீனாக்காரங்க மரச்சுவர்ல கவிதை செதுக்கி வச்சிருக்காங்க. நானும் இவரும் பாத்ரூம் எங்கன்னு தேடிட்டிருந்தப்ப இவ அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டா போல. அந்தப் பாடத்துல பரீட்சைக்கு ஏழு பழைய ஆவணத்தைக் குடுத்து, அதை வச்சு நீயே வாதம் பண்ணி எழுதுன்னு கேப்பாங்களாம். 'குறிப்பு வரைக, அசோகர் மரங்களை நட்டார்' கதையே இல்லை. நீ படிக்க வேண்டிய பாடம் அது.

இவரும் லேசுல விடலை. 'எட்டு செமஸ்டர்னு நீயே சொல்லுற, அவ ரெண்டுதான் எடுக்கா, ஒரு இடம் காலியாக் கிடக்கே'ன்னார். அந்தக் காலி இடத்தை நிரப்பாம இந்த மனுசனுக்குத் தூக்கம் வராதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் பார்த்தா ப்ரீகால்குலஸிலேயே ஏபி இருக்கு, ரெண்டு மூணு வருஷமாத்தான் வந்திருக்கு. எப்படியும் அவ படிக்கப் போற பாடம்தானே. அதை ஏபியா மாத்திக்கிறேன்னு யாழினியே சொன்னா. எக்செல்லுல அந்தக் கட்டம் பச்சையாச்சு, வீட்டுல சண்டை ஓய்ஞ்சது. கோடை வகுப்பு கிடையாது. ஃபிசிக்ஸ் சாதாதான். மண்பாண்டம் நிலைச்சுட்டது.

கையெழுத்து நான்தான் போட்டேன். இவர் பேனாவை எடுத்துக் குடுத்தார், போடலை.

பயம் போயிட்டதான்னு கேட்டா, இல்லைடி. நாளைக்கு அவளே இன்ஜினியரிங்னு நின்னா, கால்குலஸைப் பன்னெண்டுலதான் தொடுறா, சாதா ஃபிசிக்ஸ்தான் படிச்சிருக்கா, 'ஏம்மா நீ சொல்லலை'ன்னு கேப்பாளோன்னு நினைப்பு வருது. எல்லாத்தையும் இவங்க தலையிலயே போட்டுட்டு, பதினஞ்சு வயசுலயே முடிவு பண்ணுன்னா எப்படி? தவமணி டீச்சர் மேல நமக்கு இருந்த கோபம் ஒரு வகையில சௌகரியம். திட்ட ஒரு ஆள் இருந்துச்சு.

ஆனா மாத்திக்க வழி இருக்கு. ஆகஸ்டுல ஸ்கூல் தொறந்ததும் பிடிக்கலைன்னா முதல் கொஞ்ச வாரத்துக்குள்ள இறங்கிக்கலாம். கண்ணை மூடிட்டு எதை வேணா எடுக்கவும் முடியாது. கணக்கு பிடிக்காத பிள்ளைங்களுக்கு அல்ஜீப்ரா 2-க்குப் பதிலா டேட்டா சயின்ஸ்னு கொஞ்ச காலம் ஓடுச்சு. அது அல்ஜீப்ராவுக்கு ஈடாகாதுன்னு 2023-ல யூசி பேராசிரியர் குழு சொல்லிட்டது. எடுத்திருந்த பிள்ளைங்க பாவம்.

இப்ப உன் கதைக்கு வாரேன். கதிருக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அடுத்த மாசம்னு தெரியும், இப்ப அவனைத் தொந்தரவு பண்ணாத. ஆனா ரிசல்ட் வந்த அன்னைக்கே உன் வீட்டுக்காரர் பயோ-மேத்ஸ்ல கொண்டு போய்ப் போட்டுருவார், 'நீட்டும் எழுதலாம், இன்ஜினியரிங்கும் போகலாம், ரெண்டு கதவும் திறந்திருக்கும்'னு. அந்தப் பேச்சை அப்படியே என்னால நடிச்சுக் காட்ட முடியும். கதவு ரெண்டும் திறந்திருக்கும், சரி, பையன் நாலு பெரிய பாடத்தோட நடுவுல மாட்டிப்பானே. அவனுக்குக் காமர்ஸ்தான் ஆசைன்னு நீயே நவம்பர்ல எழுதியிருந்த. அங்க ஒரு தடவை சேர்த்துட்டா மாத்துறது இங்க மாதிரி லேசு இல்லை. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வை வேற எடுத்துட்டாங்க. இனி பழையபடி முதல் வருஷமே ப்ளஸ் டூ பாடத்தை உருப்போட வைப்பாங்க, பிடிக்காத பாடமா இருந்தா ரெண்டு வருஷமும் அதே கஷாயம்தான். அவன்கிட்ட நேராக் கேளு. ரிசல்ட்டுக்கு முன்னாடி கேளு, உன் வீட்டுக்காரர் பக்கத்துல இல்லாதப்பக் கேளு. என்ன சொன்னான்னு எனக்கு எழுது.

இப்படிக்கு,
மீனா

பி.கு.: நம்ம புளிசாதத்தோட பொண்ணு டெக்சாஸ்ல ஆறு ஏபி எடுக்காளாம். அவளே போன் பண்ணிச் சொன்னா. நான் மண்பாண்டம்னு சொன்னேன், லைன் கட்டாயிட்டது.